வீட்டின் உட்புறத்தை வார்த்தெடுத்த கான்கிரீட்

கிழக்கு லண்டனின் குரோவ் சாலையில் இடிபடவிருந்த விக்டோரிய காலத்து மூன்று தள வீடு ஒன்றின் உள்வெளியை, சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993ஆம் ஆண்டு கான்கிரீட்டில் வார்த்து ‘ஹவுஸ்’ என்ற சிற்பமாக நிறுத்தினார். அதன் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், ஜல்லியும் மணலும் கலந்த கரடுமுரடான கலவையில் சாளரச் சட்டத்தின் விளிம்பு வரை எப்படித் துல்லியமாகப் பதிந்தது என்று கேட்கிறார்.

செய்முறை எளியது. நாம் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போடுகிறோம். இங்கே வீடே சென்ட்ரிங். சுவர்களின் உட்பக்கம் ஒட்டாமலிருப்பதற்கான பூச்சைத் தடவி, அதன்மீது கான்கிரீட்டைப் பீய்ச்சி, கம்பி வலை பொருத்தி, மேலும் தடிமனாக்கி, இறுகிய பின் வெளியிலிருந்து செங்கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். கணப்படுப்பின் குழி புடைப்பாகவும், கதவின் புடைப்பு பள்ளமாகவும் மாறின.

துல்லியத்தின் காரணம் கான்கிரீட் சுவரைத் தொடும் அந்த முதல் கணத்தில் இருக்கிறது. காற்றழுத்தத்தால் பீய்ச்சப்படும் கலவை கடினமான சுவரில் மோதும்போது ஜல்லித் துண்டுகள் தெறித்து விழுந்துவிட, சிமெண்டும் நீரும் நுண்மணலும் சேர்ந்த கூழ் மட்டுமே சுவரைப் பற்றுகிறது. அந்தப் படலம் ஓரளவு தடித்த பிறகே பின்வரும் ஜல்லிகள் அதில் புதைந்து நிற்க முடியும். பீய்ச்சாமல் ஊற்றினாலும் இதற்கு நெருங்கிய ஒன்று நிகழ்கிறது. ஜல்லித் துண்டு தட்டையான பரப்பை ஓரிரு புள்ளிகளில்தான் தொடும் என்பதால், அதைச் சுற்றி எஞ்சும் இடைவெளிகளை மணலும், மணலுக்கிடையே எஞ்சுவதைச் சிமெண்டும் நிரப்ப, சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் கூழின் பங்கு மிகுந்துவிடுகிறது. பொறியாளர்கள் இதைச் சுவர் விளைவு என்கின்றனர். சிமெண்ட் துகள்களில் பெரும்பாலானவை 90 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் கீறல் எதற்குள்ளும் அவை நுழைந்துவிடும். வீட்டுச் சுவர்கள் அங்கு வாழ்ந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் என்போரின் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே நினைவைச் சுமப்பது துகளின் அளவுதான்.

பதிந்த வடிவம் நிலைத்து நிற்பது கான்கிரீட் இறுகும் விதத்தால். நீர் ஆவியாவதால் அது இறுகுவதில்லை. சிமெண்டிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீரோடு வினைபுரிந்து, தாம் அடைத்திருந்த இடத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இடத்தை நிரப்பும் பசையாகப் படிகின்றன. புதிய தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இந்த வினை தடைபடாமலிருக்கத்தான்.

வைட்ரீட்டுக்கு 1993 நவம்பர் 23 அன்று, சமகாலக் கலைக்கான பிரிட்டனின் டர்னர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அதே நாளில் உள்ளாட்சி மன்றத்தினர் சிற்பத்தை இடிக்க முடிவெடுத்து, 1994 ஜனவரி 11 அன்று இடித்தும் விட்டனர். கலைக்கு நேர்ந்த இழப்பு ஒருபுறமிருக்க, இத்தனை நுண்ணிய பதிவுகள் மழையிலும் பனியிலும் பத்தாண்டுகளில் எப்படித் தேய்கின்றன என்று கவனிக்கும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது என்பது என் வருத்தம். அவர் 1990இல் ஓர் அறையைப் பிளாஸ்டரில் வார்த்த ‘கோஸ்ட்’ வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஜிப்சம் பிளாஸ்டர் இறுகும்போது சற்றே விரிந்து இடுக்குகளுக்குள் தன்னைத் தானே அழுத்திக்கொள்வதால், நுணுக்கத்தில் அது கான்கிரீட்டுக்கும் ஒரு படி மேல்.