நலிவா, மெலிவா? ‘கேக்கெக்ஸியா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது

கை கழுவும்போது மோதிரம் கழன்று விழுகிறது. கடிகார வாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருக்கிறது. மர நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே எலும்பு உறுத்துகிறது, ஏனென்றால் நடுவில் மெத்தைபோல் இருந்த கொழுப்பு போய்விட்டது. புற்றுநோயாளியின் வீட்டார் இதையெல்லாம் பார்த்துக் கலங்கும்போது, மருத்துவர் கோப்பில் எழுதும் சொல் கேக்கெக்ஸியா.

இது கிரேக்கச் சொல். ‘ககோஸ்’ என்றால் கெட்டது, ‘ஹெக்ஸிஸ்’ என்றால் நிலை. சேர்த்துப் பார்த்தால் ‘உடம்பின் கெட்ட நிலை’. ஒல்லி, எடை என்ற பேச்சே அதில் இல்லை.

தமிழில் இதை ‘உடல் மெலிவு’ என்று எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மெலிவு என்றதும் ‘சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்ற எண்ணம் கூடவே வந்துவிடும். அப்புறம் ‘இன்னும் ரெண்டு வாய்’ என்று வற்புறுத்தல் தொடங்கும். பசி குறைவது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த வரையறைப்படி, வழக்கமான ஊட்ட உணவால் முழுதாக மீட்க முடியாத தசையிழப்புதான் இதன் மையம். கொழுப்பு குறையலாம், குறையாமலும் இருக்கலாம். வெறும் பட்டினியால் அல்லாமல் ஆறு மாதத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை இறங்குவது இதை அடையாளம் காணும் அளவுகோல்களில் ஒன்று.

கொழுப்பில் நடப்பதைப் பார்த்தால் பட்டினிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புரியும். கொழுப்பணு என்பது ஒரே பெரிய எண்ணெய்த் துளியைச் சுமக்கும் பை. பட்டினியில் உடம்பு அந்தச் சேமிப்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும், சோறு கிடைத்ததும் திரும்ப நிரப்பும். கேக்கெக்ஸியாவிலோ புற்றுக்கட்டியும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அனுப்பும் வேதிச் செய்திகள் லைபேஸ் நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அவை துளியை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கொட்டுகின்றன. அதே வேளையில் இரத்தத்திலிருந்து கொழுப்பை உள்ளே வாங்கும் வேலையும் மந்தமாகிறது. பை சுருங்கிப்போகிறது.

வாங்கும் வழியை அடைக்கும் ஒரு புரதத்துக்கு, இந்த நோயின் பெயரை வைத்தே ‘கேக்கெக்டின்’ என்று பெயரிட்டிருந்தார்கள். கட்டியை அழிக்கும் என்று ஏற்கெனவே பேசப்பட்ட டிஎன்எஃப் என்ற புரதமும் அதுவும் ஒன்றுதான் என்று 1985இல் தெரியவந்தது! கட்டியைக் கொல்லும் என்று கொண்டாடப்பட்டதே ஆளையும் உருக்கும் என்றால் என்ன சொல்வது?

எலிகளில் இன்னொன்றும் கண்டார்கள். சேமித்து வைப்பதற்கென்றே உள்ள வெள்ளைக் கொழுப்பு, பழுப்புக் கொழுப்பின் குணத்துக்கு மாறி, எரிபொருளை வெறும் சூடாக வீணடிக்கிறது. வேலையில்லாமல் உறுமிக்கொண்டே நிற்கும் வண்டி மாதிரி. மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் முக்கிய லைபேஸ் ஒன்று இல்லாத எலிகளில் புற்று வந்தபோது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் பெரும்பாலும் தப்பியது. அதாவது கொழுப்பு கரைவது தசையையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘உருக்கி’ என்ற சொல் எனக்குப் பிடிக்கும். உருகுவது ஒன்று, உருக்குவது வேறொன்று என்ற உண்மை அதில் இருக்கிறது. ஆனால் எலும்புருக்கி என்று காசநோய் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது, குழப்பம் வரும். ‘நலிவு’ பொருந்துகிறது. நலிதல் என்றால் தான் வருந்தித் தேய்வது. பழைய வழக்கில் பிறரை வருத்துவதும் நலிதல்தான். நோய் ஆளை நலிகிறது, ஆள் நலிகிறார். கிரேக்கச் சொல்லைப் போலவே இதுவும் எடையைப் பேசாமல் நிலையைப் பேசுகிறது. வயிற்றில் நீர் கோத்துத் தராசு முள் இறங்காமல் நிற்பவரையும், பருத்த உடம்புக்குள் தசை தேய்ந்துகொண்டிருப்பவரையும் ‘மெலிந்தவர்’ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ‘நலிந்தவர்’ எனலாம்.

மருத்துவர்கள் பிரிக்கும் மூன்று கட்டங்களுக்கும் இந்தச் சொல் வளைந்து கொடுக்கிறது. எடை லேசாக இறங்கிப் பசி மாறத் தொடங்குவது முன்நலிவு. வரையறைக்குள் வந்துவிட்டது நலிவு. புற்று முற்றி, எந்தச் சிகிச்சைக்கும் உடம்பு இசையாத கடைசிக் கட்டம் மீளா நலிவு.