காற்றில் கலந்த கரி: யாருடையது, திரும்ப எடுக்க முடியுமா?

புவி சூடாவதற்கு மனிதனே காரணம் என்றால், எரிமலைகள் கக்குவதெல்லாம் கணக்கில் இல்லையா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. நியாயமான கேள்விதான். எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயு, மனிதன் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பது ஒரு பதில். அதைவிட வலுவான பதில் காற்றிலேயே பதிவாகியிருக்கிறது.

கரியமில வாயுவில் உள்ள கார்பன் அணுக்கள் இயற்கையில் 12, 13, 14 என மூன்று எடைகளில் கிடைக்கின்றன. ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் எடை குறைந்த கார்பன்-12ஐச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்வதால், பழங்காலத் தாவரங்களிலிருந்தும் பாசிகளிலிருந்தும் உருவான நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் கார்பன்-13 குறைவாகவே இருக்கும். கதிரியக்கத்தன்மை கொண்ட கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால், பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எரிபொருளில் அது எஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே காற்றில் சேர்வது புதைபடிவ எரிபொருளின் புகையாக இருந்தால், இந்த இரண்டின் விகிதமும் குறைய வேண்டும். எரிமலை வாயு கார்பன்-13இன் விகிதத்தை இப்படிக் குறைக்காது. இன்றைய காடுகளை எரிப்பதால் கார்பன்-14இன் விகிதம் குறையாது. இரண்டும் சேர்ந்து குறைவதே நடந்திருக்கிறது. கார்பன்-14இன் சரிவை மர வளையங்களில் கண்டு 1955ஆம் ஆண்டிலேயே அறிவித்தவர் வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ்.

1958ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280ஆக இருந்த அந்த அளவு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் ஆக்சிஜனை அளந்து, எரிதலுக்குச் செலவாகும் ஆக்சிஜன் காற்றில் உண்மையாகவே குறைந்துவருவதைக் காட்டினார். மூச்சுத் திணறும் அளவுக்கு அன்று, மிகச் சிறிதளவே. தந்தை வரவையும் மகன் செலவையும் எழுதிய கணக்கேடு என்றே இந்த அளவீடுகளைச் சொல்லலாம்.

சூரியன்மீது பழிபோடவும் இடமில்லை. சூரிய வெப்பம் கூடியிருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்கும். கரியமில வாயு கூடினால் கீழடுக்கு சூடாகி, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிரும் என்று காலநிலை அறிவியலாளர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967இல் கணித்தனர். செயற்கைக்கோள் அளவீடுகளும் அதையே காட்டுகின்றன.

இனி, இதை மீட்க முடியுமா என்ற கேள்வி. நிறுத்துவதும் மீட்பதும் ஒன்றல்ல. பொது விவாதங்களில் இவ்விரண்டும் கலந்துவிடுவதே வீண் நம்பிக்கைக்கும் வீண் அவநம்பிக்கைக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரியமில வாயு வெளியீடு முற்றிலும் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடலும் நிலமும் காற்றிலுள்ள வாயுவைத் தொடர்ந்து உறிஞ்சுவதால் வெப்பநிலை இறங்கப் பார்க்கும். ஆனால் இதுவரை வெப்பத்தை உள்வாங்கி வந்த ஆழ்கடல் மெல்லச் சூடாகிவருவதால் அது உள்வாங்கும் அளவு குறையும். அதனால் வெப்பநிலை ஏறப் பார்க்கும். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், வெப்பநிலை எட்டிய இடத்திலேயே பல நூற்றாண்டுகள் நின்றுவிடும் என்று காலநிலைக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. எனவே மேலும் சூடாவதைத் தடுக்க முடியும். ஏற்கெனவே ஏறிய சூடு தானாக இறங்காது. கடல்மட்டமோ அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் உயர்ந்துகொண்டிருக்கும். மீத்தேனின் கதை வேறு: அதன் ஆயுள் சுமார் 12 ஆண்டுகளே என்பதால், அதைக் குறைத்தால் ஒரு தலைமுறைக்குள் பலன் தெரியும்.

காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலைகளும் வந்துவிட்டன. ஐஸ்லாந்தில் 2021இல் இயங்கத் தொடங்கிய ஓர்கா ஆலையின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். புதைபடிவ எரிபொருள்களால் உலகம் வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன், அதாவது விநாடிக்கு ஆயிரம் டன்னுக்கும் மேல். அந்த ஆலை முழுத்திறனில் ஓராண்டு உழைத்தாலும் நான்கு விநாடிப் புகையைக்கூட ஈடுகட்டாது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் வெளியிட்டதில் ஏறத்தாழ பாதியே காற்றில் தங்கியது. மீதியைக் கடலும் நிலமும் ஏற்றுக்கொண்டன. காற்றில் அளவு குறையத் தொடங்கினால், கடல் தான் கரைத்துக்கொண்டதில் ஒரு பகுதியைத் திருப்பி வெளியிடும். பழைய 280க்குத் திரும்ப வேண்டுமானால், இப்போது காற்றிலிருக்கும் மிகுதியோடு கடல் திருப்பித் தரப்போவதையும் சேர்த்தே அகற்றியாக வேண்டும்.