மூடப்பட்ட உலோகச் சுரங்கம்: சுற்றி வாழ்பவர்களுக்குச் சட்டம் தருவது என்ன?

ஓர் உலோகச் சுரங்கம் எந்த ஆண்டில் மூடப்பட்டது என்று தெரிந்தால், அதைச் சுற்றி வாழ்பவர்களுக்கு எந்த அளவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். வேலை முடிந்த சுரங்கத்தைப் பாதுகாப்பாக மூடி நிலத்தைச் சீரமைப்பதற்கான சுரங்க மூடல் திட்டம் என்ற கட்டாயம் இந்தியாவில் 2003 ஏப்ரலில்தான் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளில் சேர்க்கப்பட்டது. கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டதோ 2001 பிப்ரவரி 28 அன்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளிதான் என்றாலும், அங்குள்ள கழிவு மண்மேடுகளைச் சீரமைக்க வேண்டிய பணம் யாருடைய கணக்கிலும் வைப்பாக இல்லாமல் போனதற்கு அந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியதிலிருந்து 120 ஆண்டுகளில் அங்கே 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு எஞ்சிய கழிவுதான் இன்று ஊருக்கு நடுவே நிற்கும் 13 சயனைடு மேடுகள். அவற்றின் எடை சுமார் 3.3 கோடி டன்.

இத்தகைய இடத்தில் ஆபத்து பல வடிவங்களில் இருக்கும். வெளியே தெரியும் ஆபத்து சாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழிகள். மூடியின் மரமும் கான்கிரீட்டும் மக்கிப் போனால் மேலே புதர் மண்டியிருக்கும், கீழே பிடிமானம் இருக்காது. உள்ளே இறங்குபவர்களை விழுந்து அடிபடுவதைவிடக் காற்றே அதிகம் ஏமாற்றுகிறது: காற்றோட்டம் நின்ற சுரங்கத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கும், அதற்கு மணமோ நிறமோ இல்லாததால், முதலில் மயங்கியவரைக் காப்பாற்றப் போகிறவரும் அங்கேயே விழுந்துவிடுகிறார். பம்புகள் நிறுத்தப்பட்டதும் சுரங்கத்தில் நீர் ஏறும். கந்தகம் கலந்த தாதுவாக இருந்தால், நீரும் காற்றும் பட்டு கந்தக அமிலம் உருவாகி, ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வந்து சேரும். ஓடைக் கற்களின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான படிவு தென்பட்டால் அதைப் பெரும்பாலும் இதன் அடையாளமாகக் கொள்ளலாம்.

மண்மேடுகளின் கதை வேறு. மக்கள் அதிகம் அஞ்சுவது சயனைடை; ஆனால் மேற்பரப்பில் உள்ள சயனைடு வெயிலில் ஓரளவு சிதைந்துவிடக்கூடியது. ஈயமும் ஆர்சனிக்கும் சிதைவதில்லை. மாவாக அரைபட்ட குவார்ட்ஸ் துகளும் அப்படியே கிடக்கும்; பலமான காற்று வீசும் நாளில் அது எழுந்து வீட்டு வாசலில் சாம்பல் நிறத் திரையாகப் படியும், நீண்ட காலம் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். தினசரி பாதிப்பு என்று பார்த்தால் தூசிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. கிணற்று நீரைச் சோதிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய குடிநீர் வரம்புகள்: ஒரு லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், ஈயம் 0.01, காட்மியம் 0.003, சயனைடு 0.05.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நிலக்கரி அல்லாத சுரங்கங்களைப் பொறுத்தவரை இரண்டு அலுவலகங்களை மக்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். சாஃப்ட் வாய்க்கு வேலி, நிலச்சரிவு, கைவிடும் முன் தர வேண்டிய அறிவிப்பு ஆகியவை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றைக் கவனிப்பது தன்பாதில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். மூடல் திட்டமும் நிலச் சீரமைப்பும் நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகத்தின் பொறுப்பு. வேலி இல்லாத குழியைப் பற்றிப் பணியகத்துக்கு எழுதினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

2017-இல் திருத்தி எழுதப்பட்ட கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி, சுரங்கக் குத்தகைதாரர் உத்தேச மூடலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறுதி மூடல் திட்டத்தை ஒப்புதலுக்கு அளிக்க வேண்டும். பாதுகாப்பு, சீரமைப்புப் பணிகள் முடிந்தன என்ற சான்றிதழ் பெறாமல் சுரங்கத்தைக் கைவிட முடியாது. இதற்குப் பிணையாக, பயன்பாட்டில் உள்ள நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டு நிதி உத்தரவாதம் வைக்கப்படுகிறது. 2003-இல் ஹெக்டேருக்கு 25,000 ரூபாயாக இருந்த ‘ஏ’ பிரிவுத் (இயந்திரமயமான அல்லது பெரிய சுரங்கங்கள்) தொகை, 2021 திருத்தத்தால் 5 லட்சம் ஆனது. மற்றவை அடங்கிய ‘பி’ பிரிவுக்கு 3 லட்சம். 40 ஹெக்டேரில் இயங்கும் ‘ஏ’ பிரிவுச் சுரங்கம் என்றால் 2 கோடி ரூபாய். அமில நீரைப் பல ஆண்டுகள் சுத்திகரிக்க வேண்டிய இடத்துக்கு இது பெரிய தொகை அல்ல. ஆயினும் இறுதி மூடல் திட்டத்தை உரிய காலத்தில் அளிக்காவிட்டால் உத்தரவாதம் பறிமுதலாகும் என்பது குத்தகைதாரரைக் கட்டுப்படுத்துகிறது.

2003-க்கு முன் மூடப்பட்ட சுரங்கங்களுக்கு இந்த உத்தரவாதம் இல்லை. அங்கே உதவக்கூடியது, 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள். மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை அளிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வையும், அதன் பின் மூன்று மாதங்களுக்குள் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அவர் இல்லாமல் போனாலோ, அவரால் இயலாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சுரங்கப் பணியால் ஏற்பட்ட மாசு பொதுவாக இவ்விதிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. விதிகளில் பட்டியலிடப்பட்ட நச்சுப்பொருள் அதனோடு கலந்து, நடவடிக்கைக்கான வரம்பைத் தாண்டியிருந்தால் மட்டுமே அது உள்ளே வரும். ஆகவே “மலை போலக் கழிவு கிடக்கிறது” என்று மனு எழுதுவதால் பயனில்லை. எந்த நச்சுப்பொருள், எந்த அளவு என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையை இணைப்பதே பயன் தரும்.

மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இன்னொரு வழி. 2015 சட்டத் திருத்தத்தில் வந்த இந்த நிதிக்கு, இயங்கும் சுரங்கங்கள், எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு சேர்த்துத் தொகை செலுத்துகின்றன. 2024 வழிகாட்டுதலின்படி சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25 கிலோமீட்டர் வரை மறைமுகப் பகுதி. குறைந்தது 70 விழுக்காடு குடிநீர், சுகாதாரம், மாசுக் கட்டுப்பாடு, கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குச் செல்ல வேண்டும். வேலை நின்ற சுரங்கம் ராயல்டி கட்டாது என்பதால், மாவட்டத்தில் வேறு குவாரிகளோ சுரங்கங்களோ இயங்கினால்தான் நிதியில் பணம் இருக்கும். தங்கவயலில் 1,003.4 ஏக்கரில் உள்ள 13 மேடுகளிலிருந்தும் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. புதிய குத்தகை வந்தால், புதிய மூடல் திட்டமும் அறக்கட்டளைப் பங்கும் அதனுடன் வர வேண்டும். கிளறப்படும் தூசிக்கு என்ன ஏற்பாடு என்பதை மக்கள் கேட்க வேண்டிய நேரமும் அதுவே.

உடலுக்கோ, நிலத்துக்கோ, கால்நடைக்கோ ஏற்பட்ட இழப்புக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இழப்பீட்டு மனுவுக்கு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரையும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்களும் அவகாசம் உண்டு. தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டுக்கும் சென்னை அமர்வுதான். கட்டணம் கோரும் தொகையில் ஒரு விழுக்காடு; வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

எந்த வழியில் சென்றாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பணியகத்திடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் குத்தகைக்கு இறுதி மூடல் திட்டம் ஒப்புதல் பெற்றதா, நிதி உத்தரவாதம் எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும்? முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உத்தரவாதம் காலாவதியாகப் போகிறது என்று பதிலில் தெரிந்தால், அந்தப் பதிலின் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கும் பணியகத்துக்கும் அன்றே எழுதிவிடுங்கள்.