தன்னணிசேர்கை: நனோத்துணிக்கைகள் தாமே பளிங்காவதற்கு ஒரு சொல்

போன கிழமை களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருத்தி கேட்டாள், "டீச்சர், செல்ஃப் அசெம்பிளிய தமிழில எப்பிடி எழுதுற?" அவள் கொப்பியில் 'சுய ஒன்றுகூடல்' என்று இருந்தது. எனக்கு அது பொருந்தவில்லை. ஒன்றுகூடல் என்றால் ஆட்கள் சேருவார்கள், வரிசையில் நிற்கவேண்டும் என்று இல்லை. இங்கே மிகச் சிறிய துணிக்கைகள் யாரும் அடுக்காமல் தாமே வரிசையாகின்றன, விஷயமே அந்த வரிசைதான்.

முதலில் நனோ. குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீற்றரை 100 கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். துணிக்கை நம் பாடநூல் சொல், தமிழ்நாட்டில் துகள் என்பார்கள். நனோமீற்றர் கணக்கில் அளக்கிற துணிக்கைதான் நனோத்துணிக்கை.

சரி, எப்படி அணிசேருகின்றன? ஒரு தாம்பாளத்தில் ஒரே அளவுப் போளைகளைக் கொட்டி, கொஞ்சம் சரித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஒவ்வொரு போளையையும் சுற்றி ஆறு போளைகள் வந்து நிற்கும், யாரும் கையால் அடுக்கவில்லை. பெரிதும் சிறிதுமாகக் கண்டபடி கலந்து கொட்டினால் அந்த ஒழுங்கு வராது. நனோத்துணிக்கைகளும் இப்படித்தான், பருமன் வித்தியாசம் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஒலெயிக் அமிலம் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒவ்வொன்றையும் மயிர்போலப் போர்த்தியிருப்பதால் அவை கண்டபடி ஒட்டிக்கொள்ளாது. அவை மிதக்கிற கரைப்பான் மெல்ல மெல்ல ஆவியாக இடம் நெருக்கமாகிறது, ஒன்றையொன்று இலேசாகக் கவர்கின்றன, வரிசை விழுகிறது. அவசரமாக உலர்த்தினால் குப்பைக்குவியல்தான் மிஞ்சும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் எந்திரப்பி (entropy), அதாவது துணிக்கைகள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு. ஒழுங்கு கூடினால் எந்திரப்பி குறையும் என்றுதானே படிக்கிறோம்? ஆனால் நெரிசலில் கதை மாறுகிறது. கண்டபடி நெருங்கி நின்றால் ஒன்றை ஒன்று முட்டி ஒன்றுமே அசைய முடியாது. வரிசையாக நின்றால் ஒவ்வொன்றுக்கும் தன்னிடத்தில் ஆட இடம் கிடைக்கிறது, மொத்த எந்திரப்பி கூடுகிறது. ஒன்றையொன்று கவராத கோளங்கள்கூட இந்தக் காரணத்தால் மட்டும் பளிங்காகும், அதாவது ஒழுங்கான அடுக்காகும்.

1995இல் வேதியியலாளர் பவெண்டியும் அவருடைய குழுவினரும் கட்மியம் செலனைட்டு நனோப்பளிங்குகளை இப்படி முப்பரிமாணச் சாலகமாக, அதாவது ஒழுங்கான அடுக்காக, அமையவைத்தார்கள். 2023இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பவெண்டி. இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது: ஓப்பல் கல்லின் வண்ணங்கள் சிலிக்காக் கோளங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் வருகின்றன என்பது 1964இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிந்தது.

பளிங்கா, படிகமா? இரண்டுக்கும் மூலம் ஸ்படிகம் என்ற வடசொல்தான், பளிங்கு பாகதம் (பிராகிருதம்) வழியாக வந்தது. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்று குறளிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பளிங்கு என்றால் தரைக்குப் பதிக்கும் கல் நினைவுக்கு வருமாம், அதனால் அங்கே படிகம். நமக்குப் பளிங்கே போதும்.

இனி அந்தப் பிள்ளை கேட்ட சொல். அணி என்றால் வரிசை. அணிசேரா நாடுகள் என்று 1976 கொழும்பு மாநாட்டுக் காலத்திலிருந்து நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலும் இருக்கிற சொல்தான், அந்த 'சேரா'வைச் சேரவைத்தால் தன்னணிசேர்கை. வினையாக்குவதும் சுலபம். அவள் கொப்பியில் பழையதை வெட்டிவிட்டு எழுதினாள்: "நனோத்துணிக்கைகள் தாமே அணிசேர்ந்து பளிங்காகின்றன."