சுவரில் ஓதம் ஏறிய வீட்டை வாங்கும் முன்

பழைய வீடு பார்க்கப் போனால் என் கண் முதலில் போவது சுவரின் அடிப்பகுதிக்குத்தான். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி வரைக்கும் பெயின்ட் பொரிந்து, பூச்சு தட்டினாலே மாவாக உதிரும், அதற்கு மேலே சுவர் ஒன்றுமே ஆகாதது போல இருக்கும். சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் இது சர்வசாதாரணம். "ஓதம்தான் சார், ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சா சரியாகிடும்" என்பார் தரகர். சரியாகாது.

ஏன் அந்த உயரத்தோடு நின்றுவிடுகிறது? செங்கல்லும் சாந்தும் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் ஈரம் அவற்றின் வழியே மேலே ஏறுகிறது, ஏறும்போதே சுவரின் பரப்பிலிருந்து ஆவியாகவும் செய்கிறது. ஏறுவதும் ஆவியாவதும் சமமாகிற இடத்தில் ஈரம் நின்றுவிடும், பெரும்பாலும் ஒரு மீட்டர் வாக்கில்.

தண்ணீர் காற்றோடு போய்விடும். அது கரைத்துக்கொண்டு வந்த உப்பு எங்கே போகும்? அங்கேயே, பூச்சுக்குள் படிகமாகத் தங்குகிறது. வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். சோடியம் சல்பேட் என்கிற உப்பு தன்னோடு 10 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 4 மடங்காகிறது. பகல் வெயிலில் அந்த நீரை இழந்து தூளாகிறது, ஈரம் கிடைத்ததும் மறுபடி வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி உள்ளிருந்து நெட்டித் தள்ளினால் எந்தப் பூச்சுதான் தாங்கும்?

இதற்கு மேல் சிமென்ட் பூசுவது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் வேறு வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். டைல்ஸும் அப்படித்தான் அடைக்கும். அதனால் ஹாலில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதற்கு மேல் உள்ள ஓர் அடியை விரலால் தட்டிப் பாருங்கள், டொப்பென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றுவிட்டது.

கறை மேலிருந்து இறங்கினால் மொட்டைமாடி ஒழுகுகிறது. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பின்பக்கம் குளியலறைக் குழாய் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

விரிசல் வேறு கதை. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக மெல்லிய கீறல் என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிவதால் வருவது. ஆனால் சன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக, போகப் போக அகலமாகி ஓடும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டுகிறது. கரிசல் மண்ணில் இது அதிகம், அந்த மண் மழையில் வீங்கிக் கோடையில் சுருங்கும். கான்கிரீட் கூரையில் கம்பி போகும் திசையிலேயே விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது, துருவுக்கு இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் வேண்டும், அதனால்தான் கான்கிரீட் பிளக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்தா என்று சந்தேகமா? வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்துப் போகும்போது தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேதான் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குறைந்துவிடும்.