சாவி மடியில், ஆள் மரத்தடியில்

குலசேகரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மாத வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் ஒன்று சில நாள் காரணமே இல்லாமல் மந்தமாகும். பிராசசர் நேரம் எதெதற்குப் போகிறது என்று சதவீதத்தில் காட்டும் டாப் கட்டளையைப் போட்டால் ‘எஸ்டி’ என்ற எண் 20-ஐத் தாண்டி நிற்கும். களவுபோன நேரம் என்று அர்த்தம்; நான் காத்திருக்க, பிராசசர் வேறு யாருக்கோ ஓடிய நேரம்.

களவாண்டது யார்? நான் எடுத்தது மெய்நிகர் கணினி, அதாவது ஒரு நிஜ இயந்திரத்துக்குள் மென்பொருளால் பிரித்துக் கொடுத்த பங்கு. அதே இயந்திரத்தில் இன்னும் பலர் குடியிருக்கிறார்கள். 2007-இல் லினக்ஸ் 2.6.20-உடன் வந்த கேவிஎம்தான் இந்த மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறது; ஒவ்வொரு மெய்நிகர் பிராசசரையும் சாதாரண த்ரெட்டாக, முறை வந்தால் ஓடும் ஒரு வேலையாகத்தான் நடத்துகிறது. யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரை இதற்கெனத் தனியாக எழுதவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மற்ற நிரல்களுக்கு முறை வைக்கும் அதே ஷெட்யூலர்தான் இதற்கும். கெட்டிக்காரச் சோம்பல் என்பேன்.

கடிகாரம் தட்டும் டைமர் இன்டரப்ட் வந்ததும் சிப் விருந்தினரை, அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியை, விட்டு வெளியேறி இயந்திரத்தின் கெர்னலிடம் வரும். முறை முடிந்திருந்தால், அதுவரை கையிலிருந்த கணக்கை வைத்திருக்கும் ரிஜிஸ்டர்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வேறு த்ரெட்டை ஏற்றும். இறக்கிவிடப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. விட்ட இடத்திலிருந்து ஓடும். ‘எஸ்டி’ கணக்கைக்கூட கேவிஎம் நினைவகத்தில் எழுதிக் காட்டுவதால்தான் அறிகிறோம்.

சரி, இறக்கிவிடும்போது அவர் கையில் ஒரு பூட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடவேண்டிய தரவுக்கான உரிமை, இருந்தால்? மாமா தோட்டத்தில் நாலு பேர் ஒரே ரோலரில் ரப்பர் ஷீட் அடிப்பார்கள். ஒருநாள் “கொஞ்சம் மாறி நில்லும் ஓய்” என்று சித்தப்பாவை விலக்கி அடுத்தவருக்கு முறை கொடுத்தார்கள். பால் உறைந்த டிஷ்கள் இருந்த புரையின் சாவி சித்தப்பா மடியில். அவர் மரத்தடியில் பீடி பற்றவைத்துவிட்டார். அடுத்தவரோ அடிக்க ஷீட் இல்லாமல், கைப்பிடியையும் விடாமல், தன் முறை தீரும்வரை நின்றார்.

ஸ்பின்லாக் என்ற பூட்டு கிடைக்கும்வரை ‘திறந்ததா, திறந்ததா’ என்று பார்த்தபடியே சுழலும் மெய்நிகர் பிராசசரும் இப்படித்தான். சுழலும்போது அது ‘பாஸ்’ என்ற கட்டளையைத் திரும்பத் திரும்பப் போடும். இன்டெல், ஏஎம்டி சிப்கள் அதைக் கவனித்து, அளவு மீறினால் கேவிஎம்மிடம் ஒப்படைத்துவிடும். கேவிஎம் அதே மெய்நிகர் கணினியில் காத்திருக்கும் இன்னொரு பிராசசருக்கு முறையைக் கொடுக்கும். சாவி யார் மடியில் என்று அதற்குத் தெரியாது, ஊகம்தான். அதனால் ‘இவர் இறக்கிவிடப்பட்டிருக்கிறார்’ என்று விருந்தினருக்கே ஒரு குறிப்பு எழுதிவைக்கும் வசதியும் பிறகு வந்தது. அதைப் பார்த்தால் விருந்தினர் கெர்னல் வீணாகச் சுழலாது.

அப்புறம் ஒன்று. சுழன்று வீணான நேரம் ‘எஸ்டி’யில் வராது. கெர்னல் வேலைக்கான ‘எஸ்ஒய்’ என்ற எண்ணில் என் சொந்தச் செலவாகத்தான் ஏறும்.