விண்டோஸ் 11-க்கு மாறுவதற்கு முந்தைய நாள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதிலிருந்து எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். “சார், லெவனுக்கு மாத்திரலாமா?”

மாற்றலாம். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான புதுவகை டிஸ்க்) உள்ள லேப்டாப் என்றால் ஒன்றிரண்டு மணி நேர வேலை. ஆனால் இந்த வேலைக்கு நடுவே கோப்புகளைப் பறிகொடுத்து வந்தவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களிடம் ஏறக்குறைய எப்போதும் இரண்டில் ஒன்று இருந்ததில்லை: கணினிக்கு வெளியே ஒரு பிரதி, அல்லது டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் எண், அதாவது தாளில் எழுதி வைத்த சாவி. இந்த இரண்டும் கையில் இருந்தால், நடுவில் எது கோளாறானாலும் சரிசெய்துவிடலாம். அதனால் முந்தைய நாளே ஒரு மாலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள்.

“பேக்கப் எடுத்தாச்சா?” என்று கேட்டால் நம் ஊரில் வரும் பதில், “எல்லாம் டி டிரைவ்ல போட்டுட்டேன் சார்.” சி, டி, இ, எஃப் என்று நான்கு டிரைவ் தெரிந்தாலும், பெரும்பாலான கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அதைக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டிஸ்க் போனால் நான்கும் சேர்ந்து போகும். ஃபார்மட் போடுகிறவர் பார்ட்டிஷன் பட்டியலில் ஒரு வரி தவறித் தொட்டுவிட்டாலும் டி டிரைவ் காலி. பிரதி என்றால் அது தனியே கழற்றி அலமாரியில் வைக்கக்கூடிய வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். அல்லது கிளவுடில். நகலெடுத்த பிறகு வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

இது அளவுக்கு மீறிய பயம் இல்லை. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு 1809 என்ற பதிப்பு வந்தபோது, சிலருடைய டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் அழிந்தே போயின. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்திவைத்து, பிழையைத் திருத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டது. தயாரித்தவர்கள் கையிலேயே அப்படி நடந்திருக்கிறது.

பிரதி எடுத்த கையோடு டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இடது மேல் மூலையில் ஒரு நிறம் தெரியும். நீலம் என்றால் நலம். மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று வந்தால், கீழே பட்டியலில் ‘ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்’, ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். டிஸ்க்கில் எத்தனை இடங்கள் செத்துவிட்டன, எத்தனை இடங்கள் படிக்க முடியாமல் திணறுகின்றன என்பதை அவை சொல்லும். புது ஓஎஸ் ஏறும்போது பல ஜிபி ஒரே மூச்சில் எழுதப்படுகிறது. ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் அந்தச் சுமையில்தான் விழும். மஞ்சளைப் பார்த்தால் மேம்படுத்தலைத் தள்ளிப்போட்டு முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டாலே வேகத்தில் கணினி ஆளே மாறிவிடும்.

அடுத்தது சாவி. இதில்தான் மனது மிகவும் வலிக்கும் இழப்புகளைப் பார்க்கிறேன்.

டியூஷன் எடுக்கும் அம்மா ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். திரை முழுக்க நீலம். 48 இலக்க ரிகவரி கீ-யைக் கேட்டு நின்றுகொண்டிருந்தது. யாரோ விண்டோஸ் 11-க்காக பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை மாற்றியிருக்கிறார்கள், அதிலிருந்து இப்படி. “நான் எந்தப் பூட்டும் போடலையே தம்பி” என்றார். உண்மைதான், அவர் போடவில்லை. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததுமே ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ தானாக இயங்கி, டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடும். சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணினியின் அடிப்படை அமைப்பில் மாற்றம் தெரிந்தால், திருடன் கையில் சிக்கிவிட்டோமோ என்று அது சாவியைக் கேட்கும். அந்தக் கணக்கின் மின்னஞ்சல் எது என்று கேட்டேன். “வாங்குன கடையிலயே போட்டுக் குடுத்தாங்க.” அந்தக் கடைக்காரர்களுக்கும் நினைவில்லை. வருடக்கணக்கில் தயாரித்த வினாத்தாள்கள், பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. சாவி இல்லாமல் அதைத் திறக்க எங்களாலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

ஆகவே இன்றே பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ (இதே பூட்டின் இன்னொரு பெயர்) என்று தட்டுங்கள். ‘ஆன்’ என்று இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து இந்தக் கணினிக்கான ரிகவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். பக்கத்தில் கீ ஐடி இருக்கும். பூட்டுத் திரையில் வரும் ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு அது ஒத்துப்போக வேண்டும். இரண்டையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் யாருடையவை என்று தெரியாவிட்டால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே என்கிரிப்ஷனை ‘ஆஃப்’ செய்துவிடுங்கள். பூட்டு விழுந்த பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

இப்போது கணினிக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வி. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் வசதி (கணினி எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடுவது) ஆகியவை குறைந்தபட்சத் தேவை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ‘டிபிஎம் இல்லை’ என்று காட்டினாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பல கணினிகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். அதே பக்கத்தில் ‘கிளியர் டிபிஎம்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், மேலே சொன்ன பூட்டின் சாவி அங்கேயும் இருக்கிறது.

அசெம்பிள் செய்த பழைய கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோடு’ வரியைப் பாருங்கள். ‘லெகசி’ என்று இருந்தால், டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றாமல் பயாஸை மட்டும் யுஇஎஃப்ஐ என்ற புதிய வகைக்குத் தள்ளினால் கணினி எழும்பவே எழும்பாது. மாற்றுவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஆனால் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (ஒரு பிரிவுக்குள்ளேயே பல டிரைவ்களை அடக்கும் முறை) உள்ள டிஸ்க்கை அது ஏற்காது. நம் ஊரில் நான்கைந்து டிரைவாகப் பிரித்த பழைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். அங்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான், ஏனென்றால் விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

தகுதி இல்லாத கணினியில் சோதனைகளை ஏமாற்றி ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி வேலை பார்க்கும் கணினிக்கு நான் அதைச் செய்வதில்லை. அவர்களுக்குச் சொல்வது, விண்டோஸ் 10-இலேயே இருந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே. தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள்.

கடையில் கொடுக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “இருக்கிறதுக்கு மேலயே ஏத்துவீங்களா, ஃபார்மட் போடுவீங்களா?” மேலேயே ஏற்றினால் மென்பொருள்களும் கோப்புகளும் இருந்த இடத்தில் இருக்கும். ஃபார்மட் என்றால் சி டிரைவ் முழுவதும் போய்விடும். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் போகும்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு எழுத்துரு பெரிய தலைவலி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது. எனவே ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலில் நகலெடுங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் எழுத்துருக் கோப்பைத் திறந்து ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் அது அந்தப் பயனருக்கு மட்டும், அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தனியாகச் சேரும். அங்கேயும் போய் எடுங்கள். எந்த விசைப்பலகை மென்பொருளில் அடிக்கிறீர்கள் என்பதையும் அதன் இன்ஸ்டாலர் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.

கணக்கு எழுதுபவர்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். ஃபார்மட் போடுவதாக இருந்தால் டேலி லைசன்ஸை முதலில் சரண்டர் செய்துவிட வேண்டும். ஜிஎஸ்டி கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனில் சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருப்பதால் அது போகாது, டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கரண்டையும் கவனியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பார்த்து, அந்த நாளைத் தவிருங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரிலேயே இருக்கட்டும்.

ஏற்றி முடித்ததும் எல்லாவற்றையும் அன்றைக்கே இயக்கிப் பாருங்கள்: பிரிண்டர், ஸ்கேனர், டேலி, தமிழ்த் தட்டச்சு. மேலேயே ஏற்றியிருந்தால், ஒத்துவராதபோது பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது. பழையது ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் இருக்கும். சி டிரைவ் நிரம்பிவிட்டதே என்று டிஸ்க் கிளீனப்பில் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ கட்டத்தை டிக் செய்து அழித்துவிட்டால், அந்த வழி அப்போதே அடைபட்டுவிடும்.